கந்தலுக்கு விலை வைத்த பெண்கள்

கிழிந்த கால்சட்டை. நைந்துபோன சட்டை. மாவு வந்த சாக்கு. இவற்றால் என்ன பயன்? அடுப்புத் துடைக்கலாம். இல்லாவிட்டால் குப்பையில் எறியலாம்.

ஓர் ஊர்ப் பெண்கள் இவற்றை எறியவில்லை. வெட்டினார்கள். ஒட்டித் தைத்தார்கள். போர்வை ஆக்கினார்கள். அந்தப் போர்வைகள் பின்னாளில் அமெரிக்காவின் பெரிய கலைக்கூடங்களில், ஓவியங்களைப்போலச் சுவரில் ஏறின. அமெரிக்க அரசாங்கம் அவற்றின் படங்களைத் தபால் தலையில் அச்சிட்டது.

"ஏழைப் பெண்களின் கைத்திறமைக்குக் கிடைத்த பரிசு" என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பாதிக் கதைதான்.

கைத்திறமை அந்த ஊரில் பல தலைமுறைகளாக இருந்தது. விலைதான் இல்லை. பெயரும் இல்லை. பெண்கள் சங்கமாகக் கூடிய பிறகுதான் இரண்டும் வரத் தொடங்கின. அதுவும் சுலபமாக வரவில்லை.

கலை ஒருவர் மனதில் பிறக்கிறது. சங்கம் இல்லாவிட்டால் அது வீட்டுக்குள்ளேயே மடிகிறது. அந்தச் சங்கமே கலைஞரின் கையைக் கட்டிப் போட்டாலும் கலை மடிகிறது. இந்த இரண்டு பாடங்களையும் ஒரே ஊர் கற்றுக் கொடுத்திருக்கிறது.

ஆறு வளைத்த ஊர்

அந்த ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட். அமெரிக்காவின் தென் பகுதியில் அலபாமா மாநிலத்தில் இருக்கிறது. அலபாமா ஆறு அந்த ஊரை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. "பெண்ட்" என்றால் வளைவு என்று பொருள். "ஜீ" என்பது அங்கு முதலில் பருத்திப் பண்ணை வைத்த வெள்ளைக்காரரின் பெயர்.

பிறகு பண்ணை பெட்வே என்பவரின் கைக்கு மாறியது. அவர் 1846-ம் ஆண்டில், வடக்கு கரோலினாவில் இருந்து நூறு அடிமைகளை அங்கே கொண்டுவந்தார். அவர்கள் வண்டியில் வரவில்லை. நடந்தே வந்தார்கள்!

அடிமை முறை ஒழிந்தது. ஆனால் முதலாளியின் பெயர் ஒழியவில்லை. அந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்றும் பெட்வே என்றுதான் பெயர்.

விடுதலை பெற்ற பிறகு அவர்கள் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டார்கள். கடைக்காரரிடம் கடன் வாங்கித்தான் விதை போடவேண்டும். 1932-ம் ஆண்டில், கடன் கொடுத்த வியாபாரி இறந்துபோனார். அவருடைய குடும்பத்தார் பாக்கிக்காக ஆட்களை அனுப்பினார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் மாடு, கோழி, கலப்பை, சேர்த்து வைத்த தானியம் எல்லாம் போயின. அந்தக் குளிர்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவால் ஊர் பிழைத்தது.

அதன் பிறகு அமெரிக்க அரசாங்கம் அந்த நிலத்தை வாங்கியது. வீடுகள் கட்டியது. குடியானவர்களுக்கே நிலத்தை விற்றது. கையில் பிடி மண் இருந்ததால், அந்த மக்கள் ஊரைவிட்டு ஓடவில்லை. பாட்டி செய்த வேலை பேத்தியின் கைக்கு வந்தது. அந்த வேலைதான் போர்வை தைப்பது.

போர்வை எப்படித் தைக்கிறார்கள்?

ஒட்டுப் போர்வைக்கு மூன்று அடுக்கு உண்டு. மேலே, துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த மேல்துணி. நடுவில் பஞ்சு. அடியில் ஒரு முரட்டுத் துணி. மூன்றையும் சேர்த்து நூல் ஓட்டித் தைப்பார்கள். ஆங்கிலத்தில் இதைக் "குயில்ட்" என்பார்கள்.

ஜீஸ் பெண்ட் பெண்கள் இதற்காகக் கடைக்குப் போய்த் துணி வாங்கவில்லை. வயலில் உழைத்துக் கிழிந்த உடைகளே மேல்துணி ஆயின. ஜின்னிங் ஆலையின் தரையில் சிந்திக் கிடந்த பஞ்சைக் கூட்டி எடுத்து நடுவில் பரப்பினார்கள். சாக்குத் துணியை அடியில் போட்டார்கள்.

பழைய மர வீடு. பலகை இடுக்கில் குளிர் காற்று நுழையும். சுவரில் பழைய பத்திரிகைகளை ஒட்டி அடைப்பார்கள். அப்படியும் குளிர் விடாது. குழந்தைகளுக்கு ஒன்றின்மேல் ஒன்றாகப் பல போர்வைகள் போடவேண்டும். ஆகையால், அழகுக்கு முன்னால் அவசரம் வந்தது. குளிருக்கு முன்னால் போர்வை முடியவேண்டும்!

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. மேல்துணியை ஒரு பெண் தனியாகவே தைப்பாள். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு? சிவப்பு எங்கே, நீலம் எங்கே? அதை அவள்தான் முடிவு செய்வாள். மற்றவர்கள் தலையிட மாட்டார்கள்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். பெரிய மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிச் சுற்றி உட்காருவார்கள். பாடுவார்கள். ஜெபம் செய்வார்கள். ஊர்க் கதை பேசுவார்கள். ஊசி ஓடிக்கொண்டே இருக்கும்.

கற்பனை தனி. உழைப்பு கூட்டு. சங்கம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே, படிப்பு அதிகம் இல்லாத அந்தப் பெண்கள் கண்டுகொண்ட நல்ல ஏற்பாடு இது.

அவர்களுடைய மாதிரிகளுக்குப் பெயர்கள் உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் போனால் அது "வீட்டுக் கூரை". கல் அடுக்கியதுபோல் இருந்தால் அது "கொத்தனார்". ஒருத்தி எந்த மாதிரியையும் பார்க்காமல் தன் மனம் போனபடி தைத்தால், அதற்குப் பெயர் "என் வழி".

கணவனின் சட்டை

1942-ம் ஆண்டு. மிசோரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துவிட்டார். அவர் வயலில் உடுத்திய பழைய உடைகளை எல்லாம் மிசோரி எடுத்தார். மகள் ஆர்லோன்சியாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அவற்றைப் போர்வையாகத் தைத்தார். கணவரை நினைத்துக்கொண்டு அதைப் போர்த்திப் படுப்பதற்காகத்தான் அப்படிச் செய்தார். மகள் பின்னாளில் இதைச் சொன்னார்.

இப்படிப்பட்ட போர்வைகளை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். வெயிலில் வெளுத்த நீலத் துணியில் ஓர் இடம் மட்டும் கறுநீலமாக இருக்கும். அது பை இருந்த இடம்! பையைப் பிரித்து எடுத்த பிறகும் அதன் நிழல் போகவில்லை. முழங்கால் பட்ட இடம் தேய்ந்து வெளுத்திருக்கும். ஒரு மனிதன் உழைத்த உழைப்பு முழுவதும் அந்தத் துணியில் எழுதி இருக்கும்.

இவ்வளவு இருந்தும், அந்தப் போர்வைகளை அந்தப் பெண்களே பெரிதாக நினைக்கவில்லை. கிழிந்துபோன போர்வையைக் கொளுத்திப் புகை போட்டுக் கொசு விரட்டுவது அந்த ஊர் வழக்கம். கலை என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் கலையின் கதி அதுதான்.

ஓட்டுக் கேட்டதால் வந்த வினை

1965-ம் ஆண்டில் கறுப்பு மக்கள் ஓட்டு உரிமைக்காகப் போராடினார்கள். டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜீஸ் பெண்டுக்கே வந்து பேசினார். ஊர் மக்கள், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கேம்டன் நகருக்குப் போய், ஓட்டர் பட்டியலில் பெயர் எழுதும்படி கேட்டார்கள்.

கேம்டனுக்குப் போவது எளிதாக இல்லை. படகில் போனால் கொஞ்ச நேரம்தான். ஆனால் படகுப் போக்குவரத்து 1962-ம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. சாலை வழியாக ஏறக்குறைய 40 மைல் சுற்றவேண்டும். (படகு மறுபடி ஓடியது 2006-ம் ஆண்டில்தான். இடையில் 44 ஆண்டுகள்!)

ஓட்டுக் கேட்டதற்குத் தண்டனை உடனே வந்தது. அந்த வட்டாரத்தில் பலருக்கு வேலை போயிற்று. வெள்ளைக்காரரின் நிலத்தில் குடியிருந்தவர்களுக்கு வீடும் போயிற்று.

இந்தக் கொடுமைகளை எழுதி வைப்பதற்காக பிரான்சிஸ் வால்ட்டர் என்ற பாதிரியார் ஊர் ஊராகப் போனார். அவர் வெள்ளைக்காரர். 1965-ம் ஆண்டு டிசம்பரில், ஒரு வீட்டுக் கொடியில் மூன்று போர்வைகள் தொங்குவதைக் கண்டார். அவற்றின் அழகைப் பார்த்து அசந்துபோனார். விசாரிக்கலாம் என்று போனார். வெள்ளைக்காரர் வருவதைக் கண்ட அந்த வீட்டுப் பெண் பயந்து காட்டுக்குள் ஓடிவிட்டாள்!

தன் கையால் செய்த பொருளைப் பாராட்ட ஒருவர் வருகிறார். அவரைக் கண்டு செய்தவளே ஓடுகிறாள். அந்தக் காலத்தின் நிலைமையை விளக்க இது ஒன்று போதும்.

சங்கம் பிறந்தது

பாதிரியார் விடவில்லை. கொஞ்சம் பணம் திரட்டி, பெண்களிடம் போர்வைகளை வாங்கினார். நியூயார்க்கில் ஏலம் போட்டார். உள்ளூரில் ஒரு போர்வைக்கு 5 டாலர் கிடைத்தால் பெரிது. ஏலத்தில் சராசரி 25 டாலருக்கும் மேல் கிடைத்தது.

1966-ம் ஆண்டு மார்ச்சு மாதம், பெண்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். "ஃப்ரீடம் குயில்டிங் பீ" என்று பெயர் வைத்தார்கள். "பீ" என்றால் பலர் கூடி ஒரு வேலை செய்வது. ஆகவே, இதைச் "சுதந்திரத் தையல் கூட்டம்" என்று சொல்லலாம். எஸ்டல் விதர்ஸ்பூன் என்ற அம்மையார் பல ஆண்டுகள் அதை நிர்வகித்தார்.

நியூயார்க்கின் பெரிய கடையான புளூமிங்டேல்ஸ் அவர்களுடைய போர்வைகளை விற்றது. 1969-ம் ஆண்டில் சங்கம் சொந்தத் தையல் கூடம் கட்டியது. அதற்கு மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரை வைத்தார்கள். சங்கம் நிலமும் வாங்கியது. ஓட்டுக் கேட்டதால் வீடு இழந்த சில குடும்பங்களுக்கு, அதில் மனை பிரித்து விற்றது.

போர்வை விற்ற பணம் வீட்டு மனை ஆயிற்று! தனியாக ஒரு பெண் எத்தனை போர்வை தைத்தாலும் இது நடந்திருக்குமா? ஊசி ஒன்றுதான். ஆனால் நூறு கைகள் சேர்ந்தபோது அதுவே பலம் ஆயிற்று.

சங்கமே கையைக் கட்டலாமா?

இனிமேல்தான் கசப்பான பாடம்.

பெரிய கடைகள் ஆர்டர் கொடுக்கும்போது நிபந்தனை போடும். எல்லாப் போர்வையும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஒரே மாதிரியாக இருக்கவேண்டும். தையல் சீராக இருக்கவேண்டும். கடைக்கு அது தேவைதான். ஆனால் "என் வழி" என்று தைத்துப் பழகிய பெண்ணுக்கு அது கைவிலங்கு.

1972-ம் ஆண்டில் சீயர்ஸ் கம்பெனி ஒரு பெரிய ஆர்டர் கொடுத்தது. கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கவேண்டும். கார்டுராய் என்பது வரி வரியாக மேடு இருக்கும் தடித்த துணி. பெண்கள் சங்கத்தில் உட்கார்ந்து ஒரே மாதிரி உறைகளைத் தைத்தார்கள். கூலி வந்தது.

வெட்டி மீந்த துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இரவில், தங்கள் இஷ்டப்படி அவற்றில் போர்வை தைத்தார்கள். சங்கத்தில் தைத்த உறைகளைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. மீந்த துண்டில் தைத்த போர்வைகளோ கலைக்கூடத்துக்குப் போயின!

இதைக் கண்டு, "பார்த்தீர்களா, சங்கம் கலையைக் கெடுத்தது" என்று சிலர் சொல்லலாம். அது நியாயம் அல்ல. சங்கம் கொடுத்த கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. சங்கத்துக்கு ஆர்டர் வராவிட்டால் அந்தக் கார்டுராய்த் துண்டும் வந்திருக்காது. பசித்த வயிறு "என் வழி" என்று பாட முடியாது.

ஆனால், சங்கமும் ஒன்றை நினைக்கவேண்டும். கூலிக்குத் தைக்கும் வேலை வேறு. மனதில் இருந்து தைக்கும் வேலை வேறு. இரண்டுக்கும் இடம் வேண்டும். முதலாவதை மட்டும் வளர்த்தால் சங்கம் தொழிற்சாலை ஆகிவிடும்.

மேரி லீ அம்மையார்

மேரி லீ பெண்டால்ப் அம்மையாரின் வாழ்க்கை இதற்கு நல்ல உதாரணம்.

அவர் 1935-ம் ஆண்டில் ஜீஸ் பெண்டில் பிறந்தார். பெரிய குடும்பம். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. போர்வைத் தையலைத் தாயார் ஏயோலார் மோஸ்லியிடம் கற்றார். அந்தத் தாயார் பிற்காலத்தில் தையல் சங்கத்திலும் பாடுபட்டவர். 1965-ம் ஆண்டுப் போராட்டத்தில் மேரி லீயும் ஊர்வலம் போனார்.

பிழைப்புக்காக அவர் ராணுவ உடுப்புத் தைக்கும் வேலை செய்தார். ராணுவ உடுப்பில் சொந்தக் கற்பனைக்கு இடம் ஏது? ஒரு சட்டையைப்போல் அடுத்த சட்டை இருக்கவேண்டும். வீட்டுக்கு வந்தால், ஒரு போர்வையைப்போல் அடுத்த போர்வை இருக்காது!

அவர் புதுத் துணியைத் தேடிப் போனவர் அல்ல. ஒருவர் உடுத்திய பழைய துணியில் அந்த மனிதரின் அன்பும் ஆவியும் இருக்கின்றன என்பது அவர் எண்ணம். கண்ணில் படுவது எல்லாம் அவருக்குப் போர்வைதான். ஒரு கொட்டகையைப் பார்ப்பார். அது ஒரு மாதிரி ஆகிவிடும்.

2005-ம் ஆண்டில், கலிபோர்னியாவில் உள்ள ஓர் அச்சுக் கலைக்கூடத்தில், தம் போர்வை மாதிரிகளைத் தாளில் அச்சுப் படங்களாக ஆக்கினார். அப்போது அவருக்கு வயது 70! 2015-ம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய பாரம்பரியக் கலை விருது, அவருக்கும், அதே ஊரின் லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே ஆகியோருக்கும் கிடைத்தது.

பெயரும் பங்கும்

உலகத்தின் கண் இந்த ஊர்ப் பக்கம் திரும்பியது 2002-ம் ஆண்டில்தான். அந்த ஆண்டு ஹூஸ்டன் கலைக்கூடத்தில் போர்வைகளின் பொருட்காட்சி நடந்தது. பிறகு நியூயார்க்கில் விட்னி கலைக்கூடத்தில் நடந்தது. கூட்டம் திரண்டது. புகழ்பெற்ற ஓவியர்களின் படங்களோடு இந்தப் போர்வைகளை ஒப்பிட்டார்கள். 2006-ம் ஆண்டில் பத்துப் போர்வைகளின் படங்கள் தபால் தலைகளாக வந்தன.

புகழ் வந்த இடத்தில் சண்டையும் வந்தது. போர்வை மாதிரிகள் வேறு பொருள்களிலும் அச்சாகி விற்பனைக்கு வந்தன. "எங்களுக்குச் சேரவேண்டிய பங்கு சரியாக வரவில்லை" என்று 2007-ம் ஆண்டில் மூன்று பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2008-ம் ஆண்டில் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

யார் பக்கம் நியாயம் என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். ஆனால், கந்தல் துணிக்கு விலை வந்தவுடன், "அந்த விலை யாருக்கு?" என்ற கேள்வி தானாக வரும். அதற்கு முன்கூட்டியே பதில் எழுதி வைக்காத இடத்தில் நட்பும் கெடும்.

இதற்கு ஜீஸ் பெண்ட் பெண்களே ஒரு வழி கண்டார்கள். 2003-ம் ஆண்டில் "ஜீஸ் பெண்ட் போர்வைக்காரர்கள் கூட்டமைப்பு" என்று புதிதாக ஒன்றை ஏற்படுத்தினார்கள். அது தைக்கும் பெண்களுக்கே சொந்தம். ஒரு போர்வையைப்போல் இன்னொன்று இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு போர்வையிலும் தைத்தவரின் கையெழுத்து இருக்கும்.

கையெழுத்து சின்ன விஷயமாகத் தோன்றலாம். அது சின்ன விஷயம் அல்ல. எத்தனையோ பாட்டிமார் தைத்த போர்வைகளில் பெயர் இல்லை. அவர்கள் யார் என்று இன்று யாருக்கும் தெரியாது. முதலாளியின் பெயரைச் சுமந்து வாழ்ந்த மக்கள், தங்கள் வேலையில் தங்கள் பெயரை எழுதுகிறார்கள் என்றால், அதைவிடப் பெரிய விடுதலை எது?

சங்கத்தின் கடமை

பழைய "ஃப்ரீடம் குயில்டிங் பீ" சங்கம் 2012-ம் ஆண்டில் மூடப்பட்டது. தொடங்கியவர்கள் முதுமை அடைந்தார்கள். பலர் இறந்துபோனார்கள். இளம் பெண்கள் வேலை தேடி வெளியூர் போனார்கள். கட்டிடம் இருந்தது, கைகள் இல்லை.

ஆனால் ஊசி நிற்கவில்லை. 2021-ம் ஆண்டில் ஊர்ப் பெண்கள் பலர் இணையத்தில் கடை திறந்தார்கள். 2022-ம் ஆண்டு அக்டோபரில், ஊர் முழுவதும் கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டு முதல் திருவிழா நடத்தினார்கள். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் வருவதைக் கண்டு ஒரு பெண் போர்வையை விட்டு ஓடினாள். இப்போது, "வந்து பாருங்கள்" என்று ஊரே கொடியில் போர்வை போட்டு அழைக்கிறது!

கைத்தொழில் செய்யும் பெண்கள் எந்த நாட்டில் சங்கம் வைத்தாலும், மூன்று காரியங்களைச் சங்கம் மறக்கக்கூடாது.

ஒன்று: நல்ல விலை வாங்கித் தரவேண்டும். அந்தக் கணக்கை எல்லோருக்கும் புரியும்படி வைக்கவேண்டும்.

இரண்டு: செய்தவரின் பெயரைப் பொருளோடு சேர்த்து அனுப்பவேண்டும்.

மூன்று: வேலையைக் கற்றுக் கொடுக்கவேண்டும், கற்பனையில் கை வைக்கக்கூடாது. அடுத்த தலைமுறைக்கு ஊசியைக் கொடுங்கள். எந்தத் துண்டை எங்கே வைப்பது என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும்.

ஒட்டுப் போர்வையில் சிவப்புத் துண்டு சிவப்பாகவே இருக்கிறது. நீலத் துண்டு நீலமாகவே இருக்கிறது. எந்தத் துண்டும் தன் நிறத்தை இழப்பதில்லை. ஆனாலும் எல்லாம் சேர்ந்து ஒரே போர்வை ஆகின்றன. குளிரைத் தடுக்கின்றன.

நல்ல சங்கமும் அப்படித்தான் இருக்கவேண்டும்.